பிடித்து நிற்கிற வேலை

உருளை இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஓட்டல்களின் அழுக்குத் துணியெல்லாம் வந்து சேரும் சலவை ஆலை அது. மடிக்கிற மேஜை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்த்து, விலகிப்போய் மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது, ஒருத்தியால் விரிப்பை மடிக்க முடியாது என்று மேஸ்திரி புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அவருக்குத் தெரிந்த பழமொழி அது ஒன்றுதான் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

கடைசி மேஜையில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் நின்றார்கள். வீட்டிலும் ஒரே கூரை, இங்கேயும் ஒரே மேஜை, இன்னும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்கவில்லையே என்று மற்றவர்களுக்கு ஆச்சரியம். மூத்தவளை எல்லாரும் பெரியக்கா என்றார்கள். இளையவளுக்குக் காத்தாடி என்று பெயர், ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால்.

ஏன் சுற்றினாள் என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். பெரியக்காவின் வலது தோள் சில மாதங்களாக இறுகிப்போய்க் கிடந்தது. கை இடுப்புக்கு மேல் எழும்பாது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போன யாரையும் ஆலை திரும்பக் கூப்பிட்டதில்லை. பெரியக்காவின் கணவர் கண் மங்கி லாரியை விட்டு இறங்கியவர். அவள் சம்பளமும் சேராமல் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவள் முனைகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நிற்பாள். உதறுவது, நடப்பது, சேர்ப்பது எல்லாம் காத்தாடி. மற்ற மேஜைகளில் இருவர் நடக்கிற நடையை அவள் ஒருத்தியே நடந்தாள். எண்ணிக்கையும் குறையவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

செலவைக் குறைக்க வழி கேட்டு முதலாளி ஒரு பொறியாளரை வரவழைத்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கிய, எல்லாரையும் அம்மா என்று கூப்பிட்ட மரியாதையான இளைஞர். மடிக்கிற இயந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டதும் யார் யார் வேலை போகும் என்று பெண்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

முதலாளியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. பொறியாளர் பலகையில் ஒரு வளைந்த கோடு போட்டு விளக்கியது துணி வண்டி தள்ளுகிறவளுக்கு நன்றாகவே கேட்டது. ஒரே அளவு துணியைப் பல விதமாக மடித்து முடிக்கலாம். இயந்திரம் இல்லாமல் நிறைய ஆள் வைத்தும் செய்யலாம், இயந்திரம் வைத்துச் சில ஆளோடும் செய்யலாம். எது மலிவு என்பது கூலியையும் இயந்திர வாடகையையும் பொறுத்தது. இங்கே கூலி இருக்கிற இருப்புக்கு இயந்திரம் கட்டுபடியாகாது என்றார் அவர்.

தேநீர் நேரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. நம் கூலி குறைவாக இருந்ததும் ஒரு நல்லதுக்குத்தான் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கூலி உயர்வு கேட்கலாம் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பொறியாளர் மேஜைகளுக்கு இடையே வந்து நின்றார். எந்த மேஜை மந்தம் என்று பார்க்கத்தான் வருகிறார் என்று மேஸ்திரி முன்கூட்டியே காதில் போட்டிருந்தார். மேஸ்திரியும் அப்படித்தான் நம்பினார். காத்தாடி பறந்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியதைத் துடைக்கவும் நிற்கவில்லை. கடைசி மேஜையருகே பொறியாளர் வெகுநேரம் நின்றார்.

"இவங்க அசையவே இல்லையேம்மா?"

தோள் விஷயம் வெளியே வந்துவிட்டது என்றே காத்தாடி நினைத்தாள். நாக்கு தானாகப் புரண்டது.

"எங்க முறையே அப்படித்தான் சார். அண்ணி பிடிச்சிக்கிட்டு நின்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்குவேன். எங்க மேஜை எதுக்கும் கொறஞ்சதில்ல."

"பிடிச்சிக்கிட்டு இருந்தாலே போதுமா?"

"போதும் சார்."

நல்ல முறை என்று அவர் பாராட்டினார். அன்று வீட்டுக்கு நடக்கும்போது பெரியக்கா அவள் கன்னத்தைத் தடவி, வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் ஒன்று உண்டு. அது அப்போது இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் மேஸ்திரி எல்லாரையும் கூட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இயந்திரம் வரவில்லை. சுவரில் கொக்கி அடிக்கப் போகிறார்கள். கொக்கி இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ளும், ஒருத்தி மடிப்பாள். தனித்தனியாக மூன்று பேர் மடித்தால் இரண்டு ஜோடி மடிக்கிற அளவு வந்துவிடும். ஆகவே நாலு பேரில் ஒருவர் வேண்டியதில்லை. மற்ற மேஜைகளில் யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்று அவர் திணறினார். கடைசி மேஜையில் திணற ஒன்றுமில்லை.

காத்தாடி பொறியாளரைத் தேடிப் போனாள். அண்ணிக்குத் தோள் முடியவில்லை, அதற்காகத்தான் அப்படிச் செய்தோம், அது முறையே இல்லை என்று உள்ளதைச் சொன்னாள். அவருக்கும் முகம் வாடியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் நாத்தனார் நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்தாடி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. பெரியக்கா சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், ஆலையில் வேலை குறைந்துவிட்டது என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள். அழுகை வரவில்லை. காத்தாடிக்கும் வரவில்லை, மரத்த காலில் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பெரியக்காவின் கடைசி நாள் மத்தியானம் துளை போடுகிற மெக்கானிக் வந்தார். கொக்கியை எந்த உயரத்தில் அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாள் பிடித்த ஆளே நின்று காட்டட்டும் என்றார் மேஸ்திரி. பெரியக்கா சுவரில் முதுகை ஒட்டி நின்று, விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்தாள். மெக்கானிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இடது கைக்கு நேரே சுவரில் ஒரு கோடு போட்டார். பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"வலது கை எறங்கியிருக்கு. ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும்மா. கொஞ்சம் தூக்குங்க."

பெரியக்கா பல்லைக் கடித்துப் பார்த்தாள். கை எழும்பவில்லை. காத்தாடி பக்கத்தில் போய் அவள் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியக்காவின் மூச்சு மேலே பட்டது. மெக்கானிக் குனிந்து இரண்டாவது கோட்டைப் போட்டார்.

"அசையாதீங்க" என்றார். "இன்னொரு தடவ சரிபாத்துக்கிறேன்."