வெறும் கவர்

தோளில் நான்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழையும்போது சட்டைப்பையில் கைபேசி அடித்தது. சிப்ஸ் பெட்டிகளுக்குப் பருமன்தான் உண்டு, எடை கிடையாது, பாதிக்குமேல் காற்று. ஆனாலும் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டுவிடும். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு எடுத்தான்.

"சிட்டுவோட அப்பாங்களா? ஸ்கூல்லேர்ந்து நர்ஸ் பேசறேன். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை என்று யாராவது சொன்னால்தான் அவனுக்குப் பயமே வரும். வண்டியை அப்படியே திருப்பினான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று உடல் பரிசோதனை. எடை, உயரம், பல், கண் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியாகக் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். "முதல்ல மிஷின்தான் மக்கர் பண்ணுதோன்னு நினைச்சேன்," என்றாள் நர்ஸ். "என் கையில கட்டிப் பாத்தேன், சரியாத்தான் காட்டுது. இவளுக்கு மூணு தடவ பாத்துட்டேன். நூத்தி நாப்பதுக்குப் பக்கத்துல நிக்குது. பத்து வயசுப் பிள்ளைக்கு இது ரொம்ப ஜாஸ்தி. தலைவலின்னு எப்பவாச்சும் சொல்லுவாளா?"

சொல்லுவாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று நினைத்து, போர்வையை இழுத்து எழுப்பிவிட்டவனே அவன்தான்.

சிட்டு கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "எங்க க்ளாஸ்லயே எனக்குத்தாம்பா அதிகம்!" என்றாள். படிப்பிலோ ஓட்டத்திலோ எதிலும் முதலாவதாக வராத பிள்ளை அவள்.

பதினோரு வருடமாக அவனுக்கு அந்த நொறுக்குத்தீனி கம்பெனியின் விற்பனை வண்டிதான் பிழைப்பு. காலையில் கிடங்கில் சரக்கேற்றினால் மாலைக்குள் அறுபது கடை. அதில் பள்ளிக்கூடங்களை ஒட்டிய கடைகளில்தான் சரக்கு நிற்காது. வண்டி ஓரங்கட்டும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் கம்பிக் கதவில் வந்து தொங்கிக்கொண்டு "மொறுமொறு மாமா" என்று கத்தும். அந்த மாமாவின் மகள் என்பதால் சிட்டுவுக்கு வகுப்பில் தனி மரியாதை. தேதி முடிய ஒரு வாரமே இருந்து கடைகளிலிருந்து திரும்பி வரும் பாக்கெட்டுகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அவர்கள் கட்டிலுக்கடியில் எப்போதும் ஒரு பெட்டி இருந்தது. மாலையில் இரண்டு பாக்கெட். டிபன் டப்பாவின் ஓரத்திலும் ஒரு கைப்பிடி வைத்துவிடுவாள் அவன் மனைவி. அது இருந்தால்தான் பக்கத்திலிருக்கும் சோறும் உள்ளே போகும். குழந்தை சாப்பிட்டால் போதும் என்றுதானே எல்லோரும் இருக்கிறோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் அலைந்தார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். மகளைவிடப் பத்து வயதே மூத்தவள்போலத் தெரிந்த டாக்டர் எல்லாக் காகிதங்களையும் விரித்துவைத்துக்கொண்டு சொன்னாள்: "கிட்னில கோளாறோன்னு பயந்தேன், அது நல்லாத்தான் இருக்கு. ஆனா இதயத்தோட சுவர் லேசாத் தடிச்சிருக்கு. ரொம்ப நாளா முக்கி முக்கித் தள்ளியிருக்கு பாவம். சரி, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடுவாள்னு சொல்லுங்க."

மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து, "பாக்கெட் அயிட்டம்?" என்று கேட்டாள். மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் கம்பெனி பனியனைப் போட்டிருந்தான். நெஞ்சில் கண்ணடித்துச் சிரிக்கும் உருளைக்கிழங்கு படம். டாக்டரின் பார்வை அதன்மேல் ஒரு கணம் நின்று காகிதத்துக்குத் திரும்பியது. அவன் இரண்டு கைகளையும் கட்டி உருளைக்கிழங்கை மறைத்துக்கொண்டான்.

"உப்பு ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்," என்றாள் டாக்டர். "உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் பிரஷர் இருக்குன்னு சொல்றீங்க. ஆனா குடும்பத்த மாத்த முடியாது, உப்பத்தானே குறைக்க முடியும்? மூணு மாசம் பாப்போம். இறங்கலன்னா மாத்திரைதான்."

அன்றே கட்டிலுக்கடியிலிருந்த பெட்டி போய்விட்டது. உப்பு டப்பா பரணுக்கு ஏறியது. பிள்ளைக்கு இல்லாதது நமக்கும் வேண்டாம் என்று மூன்று பேருக்கும் ஒரே சமையல்; சமைக்கும்போது விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் உப்பு. முதல் நாள் சிட்டு ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது பாக்க சோறு மாதிரிதான் இருக்கு. ஆனா சோறு இல்ல," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாயைத் தன் வாயில் வைத்ததும் போய்விட்டது. முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அடம்பிடித்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்தாள். பழகிவிட்டது என்று மனைவி நிம்மதியானாள். அவனும்தான்.

பள்ளிக்கு எதிரே கடை வைத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தான். "அண்ணே, என் பொண்ணு வந்து கேட்டா மட்டும் கொடுத்துடாதீங்க." கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "கொடுக்க மாட்டேன், தம்பி. நம்ம பிள்ளைக்குப் போய் கொடுப்பேனா?" பிறகு சற்று யோசித்து, "கூட நிக்கற பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவன் அப்போது புதுச்சரக்கைச் சரம்சரமாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் கண் உயரத்துக்குத் தொங்கவேண்டும் என்பது கம்பெனி சட்டம். கேள்வி காதில் விழாதவன்போல அடுத்த சரத்தை எடுத்தான்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் மதிய இடைவேளையில் அதே கடையில் சரக்கு இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, பக்கக் கண்ணாடியில் பள்ளியின் பக்கவாட்டுச் சுவர் தெரிந்தது. வேலிக் கம்பிக்கு உள்ளே, குப்பைத்தொட்டிக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பின்னலை வைத்துத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. காலையில் அதை இழுத்துக் கட்டியது அவன் கைதான்.

இறங்கிப் போனான். சிட்டு ஒரு காலி பாக்கெட்டை ஓரம் பிரித்து முழங்காலின்மேல் அகலமாக விரித்திருந்தாள். வெள்ளிபோல மின்னும் அதன் உட்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. அதை மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல், நிதானமாக நாக்கால் வழித்துக்கொண்டிருந்தாள். காலடியில் இன்னும் நான்கைந்து பாக்கெட்டுகள். எல்லாம் பிரித்து, துடைத்துவைத்ததுபோல. மற்ற பிள்ளைகள் தின்றுவிட்டுத் தொட்டியில் போட்டவை.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஓடவில்லை. கவரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் திங்கலப்பா," என்றாள். "ஒண்ணுகூடத் திங்கல. வெறும் கவர்தான்."

உதட்டோரம் தூள் ஒட்டியிருந்தது. அவன் கம்பிக்கு இப்பால் நின்றான். திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தான். என்னவென்று திட்டுவது? சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள். ஒரு பாக்கெட்கூட வாங்கித் தின்னவில்லை. கம்பி இடுக்கில் கையை நுழைத்து, கட்டைவிரலால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டான். "போய் வாயக் கொப்புளிச்சுட்டுக் க்ளாசுக்குப் போ," என்றான். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா," என்றாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் வண்டி ஓட்ட வேறு லைன் கேட்டான். பள்ளிக்கூடம் இல்லாத லைனாக இருந்தால் நல்லது என்றான்.

"பள்ளிக்கூடம் இல்லாத லைனா? சுடுகாட்டு ரோட்டுலதான் பாக்கணும்," என்று சிரித்த சூப்பர்வைசர், இவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கதையை முழுசாகக் கேட்டார். "என் பையனும்தான் திங்கறான். எடுத்து ஒளிச்சு வச்சா, அவன் ஆயிரம் வழி கண்டுபிடிக்கிறான். நான் என்னப்பா பண்ணட்டும்?" எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அன்று வண்டியில் புதிதாக ஒரு சரக்கு ஏறியது. சின்னப் பாக்கெட், சின்ன விலை, உள்ளே ஒரு பொம்மை.

சாயங்காலம் மனைவி தையல் மிஷினில் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அதே பள்ளிக்கூடத்துச் சட்டைகள்தான். "வேலைய விட்டுடவா?" என்றான்.

மிஷின் நின்றது. "விட்டுட்டா?" என்றாள். "திங்கட்கிழமை வேற ஒருத்தன் அதே வண்டிய எடுத்துட்டு வருவான். அவனுக்கு சிட்டு யாருன்னுகூடத் தெரியாது." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அவளோ காலரின் நுனியை ஊசியால் குத்தி வெளியே எடுத்துக்கொண்டே, விடை தெரிந்த கணக்கைப் படிப்பதுபோலச் சொன்னாள். கவர் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இரண்டு கையிலும் பட்டை கட்டிப் பார்த்தாள். கொஞ்சம் இறங்கியிருந்தது. போதிய அளவு இறங்கவில்லை. "வீட்டுல நல்லாத்தான் குறைச்சிருக்கீங்க போலிருக்கு. வெளியில எங்கயாவது..." என்று டாக்டர் இழுத்ததும் சிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். மனைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். டாக்டர் பெருமூச்சு விட்டுச் சீட்டை எழுதினாள். காலையில் அரை மாத்திரை. "இப்போதைக்கு," என்றாள். அந்த வார்த்தை எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றாள். அவனும் சிட்டுவும் நடையில் கிடந்த கம்பி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் ஒரு அம்மாவும், சிட்டுவைவிடச் சின்னதாக ஒரு பெண்குழந்தையும். கையில் பட்டை கட்டுவதற்காகக் குழந்தையின் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தார்கள். அழாமலிருக்க ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தாள் அந்த அம்மா. அது பொம்மை போட்ட அந்தப் புதுச்சரக்கு. அந்த வட்டாரத்தில் அதை இறக்கியவன் அவன் ஒருவன்தான்.

அந்த அம்மாவிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று முன்னால் சாய்ந்தான். களைத்துப்போன கண்களால் அவள் இவனைப் பார்த்து, பரிச்சயமானவரைப் பார்ப்பதுபோல லேசாகச் சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

குழந்தை பெஞ்சிலிருந்து சறுக்கி இறங்கியது. நேராக சிட்டுவிடம் வந்து நின்று, பாக்கெட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டியது. "இந்தாக்கா," என்றது.

சிட்டு பாக்கெட்டைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் தன் முழு எடையையும் வைத்து உட்கார்ந்துகொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்தாள். குழந்தை கையை மடக்கவில்லை. "எடுத்துக்கோக்கா, நிறைய இருக்கு," என்று பாக்கெட்டைக் குலுக்கிக் காட்டியது.

வரிசையிலிருந்து அம்மா கூப்பிட்டபோதுதான் சிட்டு கைகளை வெளியே எடுத்தாள். பெஞ்சுக் கம்பிகளின் தடம் உள்ளங்கைகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவந்து பதிந்திருந்தது. அவள் அதை உதறிக்கொண்டே நடந்தாள்.