பதினைந்து ராடு தூரம்

மகளைக் கட்டிக்கொடுப்பதற்காக கோல்ஃப் கற்றுக்கொண்ட போர்வெல் ரிக் வண்டிக்காரன் திருச்செங்கோடு வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

என் மகள் தனப்பிரியாவும் கௌசிக்கும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். அவர்களே பேசி முடித்துவிட்டு, பேசி முடித்த மரியாதையை மட்டும் பெரியவர்களுக்கு விட்டிருந்தார்கள். பையன் வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். அவன் அப்பா தனபால் ஓய்வுபெற்ற என்ஜினியர். பார்க்கப் போனபோது காபி கொடுத்தார். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, "கோல்ஃப் ஆடுவீங்களா?" என்றார்.

"அப்பப்ப ஆடுவனுங்க," என்றேன். அதுவரை அந்த மட்டையை நான் தொட்டதுகூட இல்லை.

"அப்ப அடுத்த மாசம் ஓசூர் வாங்க. ஆடிக்கிட்டே மத்ததப் பேசிக்கலாம்."

மத்தது என்றால் கல்யாணம்.

பழைய மட்டை ஒன்றை வாங்கி, எங்கள் ரிக் வண்டிகள் நிற்கும் காட்டில் அடித்துப் பழகினேன். பந்து விழுந்த இடம் வரைக்கும் போர் போடும் ராடுகளைப் படுக்க வைத்து அளந்தேன். ஒரு ராடு இருபது அடி. நன்றாகப் பட்டால் பதினைந்து ராடு. ஆக முந்நூறு. எங்கள் தொழிலில் எதைக் கேட்டாலும் நம்பரை மட்டும்தான் சொல்வோம். அடிக்கணக்கு என்பது எல்லாருக்கும் தெரியும்.

புது மட்டை வாங்கப் போன பெங்களூர்க் கடையில் எவ்வளவு தூரம் அடிப்பேன் என்று கேட்டார்கள். முந்நூறு என்றேன். விற்பனையாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். பந்தயங்களில் ஆடுகிறவர்கள் வாங்கும் செட்டைக் கொண்டுவந்து காரில் அவரே வைத்தார். அன்று சாயங்காலம் தனபாலும் போனில் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். "முந்நூறா," என்றார். என் நான்கு ரிக் வண்டியும் வாங்கித் தராத மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

புது மட்டையில் பந்து ஒன்பது ராடைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த தனப்பிரியாவிடம் முறையிட்டேன்.

"கடையில என்னன்னு சொன்னீங்க?"

"முந்நூறுன்னு."

"அவங்க யார்டுல கேப்பாங்கப்பா. ஒரு யார்டுன்னா மூணடி. நீங்க அடிக்கிறது நூறு யார்டு."

"மாப்ள ஊட்லயும் அதைத்தான் சாமி சொல்லிப்போட்டேன்."

அவள் ராடின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நம்மளப் பொய்க்காரங்கன்னு நெனச்சுட்டா?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை எனக்கு இது ஒரு கூத்தாகத்தான் இருந்தது.

பிறகு எழுந்து வந்து மட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். கௌசிக்கோடு மைதானத்துக்குப் போய்ப் பழகியவள். "இது வேகமா வீசறவங்களுக்கு. தண்டு வெறப்பா இருக்குது. நீங்க வீசறது மாடு ஓட்டற வேகம். உங்களுக்கு வளையற தண்டு வேணும். தலையும் நல்லாச் சாஞ்சிருக்கோணும், அப்பத்தான் பந்து மேல கெளம்பும்." பந்தை ஏற்றி வைக்கும் மரக்குச்சியைக் காட்டினாள். "இதை ஏன் இவ்வளவு ஒசரமா நட்டு வெக்கறீங்க? பெரிய தலை மட்டைக்குத்தான் பாதிப் பந்து தலைக்கு மேல தெரியோணும். மத்ததுக்குப் புல்லுக்கு மேல துளி இருந்தாப் போதும்."

கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். என் வேகத்துக்குச் சரியான தண்டு பெண்கள் பிரிவில்தான் கிடைத்தது. விற்பனையாளர் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

ஓசூர் மைதானத்தில் முதல் குழிக்கு அடிக்கும் இடத்திலேயே எதிரே குளம். பின்னாலிருந்து அடித்தால் அதைத் தாண்ட நூற்று முப்பது யார்டாவது வேண்டும். பெண்களும் வயதானவர்களும் அடிப்பதற்கு முன்னால், குளத்தை ஒட்டிச் சிவப்புக் குறி போட்ட இடம் இருந்தது. தனபால் பின்னால்தான் நின்றார், கூட இரண்டு நண்பர்கள். அவர்கள் கையில் போன் தயாராக இருந்தது.

"நீங்க மொதல்ல அடிங்க. முந்நூறப் பாக்கோணும்னே வந்துருக்காங்க," என்றார் தனபால்.

சாக்குச் சொல்ல முதுகுவலி, காற்று, இரண்டுமே கைவசம் இருந்தன. தனப்பிரியா ராடின் மேல் உட்கார்ந்த உட்கார்வு கண்ணில் நின்றது.

"ஏனுங்க, நாஞ் சொன்னது அடிக்கணக்குங்க. போர் போடறவன் நாக்கு. யார்டுன்னா நூறுதான். நான் செவப்புக்கிட்டப் போயி அடிச்சுக்கறனுங்க."

"அது லேடீஸ் எடமுங்க," என்றார் ஒரு நண்பர்.

"மட்டையும் லேடீஸ் மட்டைதானுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். தனபால் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பந்து எப்படியோ அக்கரையில் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை.

தனபால் பெரிய மட்டையால் அடித்தார். குளம். இன்னொரு பந்து வைத்தார். குளம். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மட்டையை நண்பரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் நடந்து வந்தார். கல்யாணம் நின்றது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தோள்பட்டை ஆபரேசனுக்கு அப்புறம் எனக்கும் நூறுதானுங்க," என்றார் மெதுவாக. "ரெண்டு வருசமா அங்கிருந்தே கொளத்துல போட்டுட்டிருக்கறேன். மொதல்ல முன்னால வர ஆருக்கும் மனசில்ல. அந்த மட்டையக் கொஞ்சம் குடுங்க."

அவருக்குக் குனிவது சிரமமாக இருந்தது. நானே குச்சியைத் தாழ்வாக நட்டுப் பந்தை வைத்தேன். பந்து எழும்பி, குளத்தைத் தாண்டி, புல்லில் உருண்டு நின்றது. அது நின்ற பிறகுதான் தனபால் என் பக்கம் திரும்பினார்.

"தை மாசம் வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்கலாமுங்க," என்றேன்.

நண்பர்கள் இருவரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நானே குச்சி நட்டேன்.