அடைக்கப்பன் உள்ளே வந்ததும் வெளியே போனதும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் கரியமாணிக்கம். முந்நூறு பிரதிகள் அச்சிடும் ஒரு பத்திரிகையை வீட்டு நகையை வைத்து நடத்துகிறார். "சைகோன்ல பதினோரு வருஷம் இருந்திருக்கீங்க சார், ஏதாவது எழுதுங்க. போர், செட்டியார் கோயில், ஒரு வியட்நாம் பொண்ணு, இப்படி ஏதாவது" என்றார். பூனையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "சரி சார், குறியீடா எழுதிடுங்க" என்றார்.

குறியீடெல்லாம் இல்லை. பூனை பூனைதான்.

அவர் கேட்டதால்தான் எழுதுகிறேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி மூன்று வருடமாக ஒரு தாழ்ப்பாளை நினைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் என் மனைவி தெய்வயானை. அது தீர வேண்டும் என்றால் யாராவது நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான். வாயால் சொல்ல அவனுக்குத் தைரியம் வராததால் எழுத உட்கார்ந்திருக்கிறான்.

2

தொடக்கங்கள் மூன்று.

"சைகோனில் அன்று மழை பிடித்துக்கொண்டது. தெருவோரம் நனைந்த பூனை ஒன்று..." [அடித்துவிட்டேன். அது எல்லாக் கதையிலும் பெய்கிற மழை.]

"எழுபத்தைந்தில் டாங்கிகள் நுழைந்தபோது இந்தச் சந்தில் ஒரு பூனைகூட..." [இதையும். எழுபத்தைந்தில் நான் தேவகோட்டையில் ஒன்றாம் வகுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தேன். டாங்கியை நான் பார்த்தது மியூசியத்தில்.]

மூன்றாவது: "டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கோ ஹாய் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம்." இதில் பொய் இல்லை. இது இருக்கட்டும்.

கோ ஹாய் என்றால் இரண்டாம் அத்தை.* கீழே உடைந்த அரிசிச் சோற்றுக்கடை வைத்திருந்தார். காலை ஐந்தரைக்கே பன்றி இறைச்சி வாட்டும் புகை எங்கள் படுக்கையறைக்கு வந்துவிடும். அந்தக் கடையின் கரிமூட்டைகளுக்குப் பின்னால்தான் பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது, யாரைக் கண்டாலும் சீறும்.

* அவர் வீட்டுக்கு மூத்தவர்தான். ஆனால் தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை இரண்டாவது என்றுதான் எண்ணுவார்கள். முதல் இடத்தை யாருக்காக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. பதினோரு வருடம் இருந்து நான் கேட்காத கேள்விகளே ஒரு புத்தகம் வரும்.

3

முதலில் அதை வீட்டுக்குள் கொண்டுவர யாருக்கும் எண்ணமில்லை. ஒருநாள் காலை பைக்கில் இருவர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் கையில் குழாய், அதன் முனையில் கம்பிச் சுருக்கு. எதிர்வீட்டு வெள்ளைப் பூனை வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணிமைப்புதான், படியில் பூனையைக் காணோம். கோ ஹாய் செருப்பைக் கழற்றி எறிந்து கத்தினார். சில கடைகளில் பூனைக் கறிக்குக் குட்டிப்புலி என்று பெயர் என்பதைத் தெய்வயானைக்கு நான்தான் விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாம்.

மறுநாளே கரிமூட்டைக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூனையைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் உட்கார வேண்டும். தினமும் ஒரே நேரம், ஒரே தட்டு. இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. முதல் மாதம் முக்காலிக்கும் தட்டுக்கும் எட்டடி. இரண்டாம் மாதம் ஐந்து. கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் வீட்டில் மீன் கூடாது என்று தயிர்சோறு வைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையை நான் மாடியிலிருந்து கண்டேன். எங்கள் பெரியப்பா சம்பந்தி விருந்தில் பாயசத்தைப் பார்த்த அதே பார்வை. ஆறு நாளில் அவள் இரண்டு மாத வேலையும் பாழானது. தட்டு மறுபடி எட்டடிக்குப் போனது. அதன் பிறகு பூனைக்கான மீன் கோ ஹாயின் குளிர்ப்பெட்டியில் இருக்கும். எங்கள் விரதம் எங்களோடு, அதன் மீன் அதனோடு.

பெயரும் அங்கேதான் பிறந்தது. என் பெரியப்பா பெயர் அடைக்கப்பன். கல்யாணமான நாள் முதல் அவளைக் குறை சொன்னவர். அவர் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. இருபது வருடக் கணக்கை அவள் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டாள்.

"அடைக்கப்பனா? பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. அவுகளும் இப்படித்தானே சீறுவாக. ஆனா மரியாதை குறையாமத்தான் கூப்பிடுறேன், கேட்டுப் பாருங்க." குனிந்து, "வாங்க மாமா, சாப்பிட வாங்க" என்றாள்.

ஐந்தாம் மாதம் தட்டைக் கூண்டுக்குள் வைத்தாள். கூண்டு மூடிய சத்தத்துக்கு அவள்தான் அழுதாள். மருத்துவரிடம் கருத்தடை அறுவை, தடுப்பூசி எல்லாம் முடிந்து வந்ததும் குளியலறை அதற்கு. மூன்று வாரம் நாங்கள் கோ ஹாயின் குளியலறையில் குளித்தோம். ஒரு தொட்டியில் கட்டுமான மணல், மூங்கில் கூடையில் அவளுடைய பழைய சுங்கடிச் சேலை. தினமும் இரண்டு மணி நேரம் உள்ளே தரையில் உட்கார்ந்து சத்தமாக ஏதாவது படிப்பாள். பெரும்பாலும் நான் எழுதியது. அடைக்கப்பன்தான் என் கதைகளை முழுதாகக் கேட்ட ஒரே ஜீவன்.

பிறகு கூடம். பிறகு பால்கனி. சைகோனில் பால்கனிகளைத் திருடனுக்குப் பயந்து இரும்புக் கம்பியால் அடைத்திருப்பார்கள். எங்கள் கம்பிக்கு உள்பக்கம் அவள் வலை கட்டினாள். வலையில் ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு மத்தியானம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். பேசக் கூடாது என்று சைகை. அவள் மடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போய் அவள் முகம் கோணியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. இதை நான் கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன்.

4

அவளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

வியட்நாமியச் சொல் ஒன்றுகூட பூனையின் காதில் விழக் கூடாது. கோ ஹாய் மாடிக்கு வந்தால்கூட அதனோடு பேசக் கூடாது என்று, என்னை மொழிபெயர்க்க வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். "தமிழ்ல கூப்பிட்டாத்தான் வரணும். இந்த ஊர்ல பூனை பிடிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிஞ்சவன் பூனை பிடிக்க மாட்டான்" என்றாள்.

நல்ல பூட்டுதான். நானே பாராட்டினேன்.

இந்த இடத்தில் கதையில் கணவன் வர வேண்டும். முதல் பிரதியில் அவனுக்குச் சண்முகவேல் என்று பெயர் வைத்திருந்தேன். சண்முகவேல் நல்லவன். மணல் தொட்டியைச் சுத்தம் செய்வான். சரக்கு விமான ஏஜென்சியில் வேலை பார்ப்பதால், மாற்றல் உத்தரவு வந்ததும் பூனைக்கான காகிதங்களை ஓடியோடித் தயார் செய்வான். அப்படியும் விதி...

[இங்கே நிறுத்திவிட்டேன். சண்முகவேல் என்று ஒருவன் இல்லை. என் பெயர் காசிவிஸ்வநாதன். மணல் தொட்டியை நான் தொட்டதே இல்லை.]

சரக்கு ஏஜென்சியில் வேலை பார்த்தது மட்டும் உண்மை. அதிலும் என் மேசைதான் உயிருள்ள சரக்கு. கொரியாக்காரர் நாய், பிரெஞ்சுக்காரர் கிளி எல்லாம் என் கையெழுத்தில்தான் பறந்தன. சென்னைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்த அன்று தெய்வயானை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அடைக்கப்பனுக்கு பேப்பர் போடணுங்க. எம்புட்டு நாளாகும்?"

"நாலு மாசம். நமக்கு அஞ்சு மாசம் இருக்கு."

"அது இல்லாம நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஆகட்டும்" என்றேன்.

5

மாற்று முடிவுகள். இப்படி எழுதினால் கரியமாணிக்கம் சந்தோஷப்படுவார்.

(அ) ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கையில் காற்று அடித்துத் தாழ்ப்பாள் விலகுகிறது. பூனை தன் பழைய தெருவுக்குப் போய்விடுகிறது. காடு காட்டையே சேரும் என்று வாசகர் பெருமூச்சு விடுகிறார்.

(ஆ) பூனை கோ ஹாயிடமே தங்கிவிடுகிறது. இப்போது கொழுத்துக் கிடக்கிறது. மாதம் ஒரு படம் வருகிறது.

(இ) பைக், குழாய், கம்பிச் சுருக்கு.

முதல் முடிவோடு ஒரு பிரதியைப் போன மாதம் எழுதி முடித்தேன். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி படித்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலை எடுத்தாள்.

"என்னங்க இது, காத்து தொறந்துச்சுன்னு எழுதியிருக்கீக?"

"கதைதானே தெய்வானை."

"கதைன்னாலும். அன்னைக்கு மாசக் கார்த்திகை. கோயிலுக்கு நேரமாச்சுன்னு அவசரமாப் போனேன். நான்தான் தாப்பாளைப் போடலை. என் தப்பைத் தூக்கிக் காத்து மேல போடாதீக." காற்று என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'அவள்' என்று எழுதிக் கொடுத்தாள். அப்புறம் போய்ப் பருப்பை இறக்கி வைத்தாள்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். "சரி, மாத்திடுறேன்" என்றும் சொன்னேன். தூ.

6

நடந்தது இது.

காகிதம் போடவே இல்லை. முதல் மாதம் சோம்பல். ரத்த மாதிரி எடுக்க அதைப் பிடிக்க வேண்டும், அது என்னிடம் வராது. பதினான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் என் கை பட்டால் சீறும். அடுத்தவன் நாய்க்கு ஓடுகிற கால் அதற்காக ஓடவில்லை. இரண்டாம் மாதம் அவள் கேட்டபோது "போட்டாச்சு" என்றேன். மூன்றாம் மாதம் "வந்துகிட்டே இருக்கு" என்றேன். நான்காம் மாதம் போட்டாலும் பயனில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், பயணத்தைத் தள்ளிப் போட்டிருப்பாள், அவ்வளவுதானே? ஆனால் அன்றைக்கு எனக்குப் பொய்யனாக நிற்பதைவிட ஒரு பூனை காணாமல் போவது லேசாகத் தெரிந்தது.

கார்த்திகை அன்று அவள் செட்டியார் கோயிலுக்குப் பால்குடத்துக்குக் கிளம்பினாள். போகும்போது தாழ்ப்பாளைப் போட்டாள். நான் பார்த்தேன். போட்டாள்.

இன்னொரு முறை எழுதுகிறேன், கரியமாணிக்கம் இதை வெட்டக் கூடாது: போட்டாள்.

அடைக்கப்பன் கூடையில் சேலை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டுக் கயிறு கட்டினேன். வலைக் கதவைத் திறந்து வைத்தேன். அன்று நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரம் இருக்கும் வுங் டாவுக்கு ஆபீஸ் வேன் போக இருந்தது, எண்ணெய்க் கம்பெனிச் சரக்கு விஷயமாக. வாசலில் கோ ஹாய் கூடையைப் பார்த்தார். மருத்துவரிடம் என்றேன். அவர் மறுபடி இறைச்சியைப் புரட்டினார்.

வுங் டாவில் மீன்பிடித் துறை. மீனுக்குப் பஞ்சமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்தேன். அது வெளியே வரவில்லை. சேலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. கூடையைச் சாய்த்தேன், நகத்தால் பிடித்துக்கொண்டது. கூடையோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது கூடை இருந்த இடத்தில் இருக்க வேண்டுமே. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"வாங்க மாமா" என்றேன். "சாப்பிட வாங்க."

எனக்கு அவர் மாமா இல்லை, பெரியப்பா. ஆனால் அதற்குத் தெரிந்த சொல் அதுதான். தலை நிமிர்ந்தது. மெதுவாக வெளியே வந்து, அந்தப் பதினான்கு மாதத்தில் முதல் முறையாக, என் கால்சட்டையில் தலையை உரசியது. கூடையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். உட்கார்ந்து வேனையே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதரைக் கண்டால் ஓடத் தெரிந்த பூனையை ஓடாமல் இருக்கப் பழக்கி, கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பழக்கியவள் அவள், விட்டவன் நான்.

நான்கு நாள் தெய்வயானை சந்து சந்தாகத் தேடினாள். "வாங்க மாமா, வாங்க மாமா" என்று ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் குனிந்து. கோ ஹாய் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனார். மாடி அறைக்கு ஒரு முறை வந்து என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். அவர் வியட்நாமிய மொழியில் சொன்னால் இவளுக்குப் புரியாது. புரிந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். புருஷன் பெண்டாட்டி நடுவே நுழையாத நல்ல குணம். நல்ல குணங்களால்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம். விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் நீட்டிய கையைத் தொடவில்லை.

7

முடிவு எழுத வேண்டும். எழுதவில்லை.

பூனை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. துறையில் யாராவது மீன் போட்டிருக்கலாம் என்று எழுத என் கை துடிக்கிறது. அந்த உரிமை எனக்கு இல்லை.

எனவே பூனையை விடுங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு பகுதியும் மேசை மேல் இருக்கின்றன. தெய்வயானை சந்தைக்குப் போயிருக்கிறாள், வர அரை மணி ஆகும். கரியமாணிக்கம் காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார், "அச்சுக்குப் போகணும் சார், அனுப்பிடுங்க" என்று.

இது அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அவள் வந்து, நின்றபடி படித்து, படித்த பிறகும் "அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறாள். அல்லது அவள் வருவதற்குள் நான் அனுப்பிவிட்டேன். என் கையெழுத்துப் பிரதியைத் தவிர அவள் எதையும் படிப்பதில்லை. கரியமாணிக்கத்தின் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தால் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள். என்னை உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் எதைச் செய்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.