இணைப்பு யார் பேரில்

மின்சாரம் கம்பியில் ஓடுவதில்லை, காகிதத்தில்தான் ஓடுகிறது. இதை இயக்குநர் சிரிக்காமல் சொல்வார். சொல்லத் தகுதியும் இருந்தது. மின்வாரியத்தில் பொறியாளராகப் பத்து வருடம், அதே வாரியத்துக்கு வக்கீலாகப் பன்னிரண்டு, அரசுக்கு மின்சார விதிகள் எழுதிய குழுவில் ஒன்பது. இப்போது ஒரு தனியார் மின் நிறுவனத்தில் இயக்குநர். கம்பத்தடியில் நின்று லைன்மேனிடம் கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"அண்ணே அண்ணேன்னு அவன் காலைச் சுத்துறாங்கக்கா. ஒரு மனு போட்டா முடிஞ்சுது."

அக்காவுக்கு மூச்சு கொஞ்சம்தான் மிச்சம். மூக்கில் குழாய், கட்டிலருகே மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம். அந்த மிச்ச மூச்சையும் தம்பியைக் கிண்டல் செய்தே செலவழித்தாள்.

செவ்வாய்க்கிழமை வாசல் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாளை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. இயந்திரத்தின் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். சிலிண்டருக்கும் வாடகை ஜெனரேட்டருக்கும் கடையில் மூன்று நாள் கேட்டார்கள். மூன்று மாடி இறக்கினால் படியிலேயே போய்விடுவாள் என்றார் டாக்டர். இயக்குநர் அசரவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு வேறு பாதையில் மின்சாரம் தர வேண்டும் என்ற விதியை எழுதியதே அவர்தான்.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுவை வாங்கிய கிளார்க் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"சார், இணைப்பு உங்க அத்தான் பேர்ல இருக்கு. அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"அவர் போய் ஆறு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப பேர் மாத்திட்டு வாங்க. முப்பது நாள் ஆகும்."

"நாளைக்கு கரன்ட் போகுதும்மா. வீட்ல குடியிருக்கறவங்களும் நுகர்வோர்தானே?"

"இல்லையே சார்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் வந்தது. "யார் பேர்ல இருக்கோ அவர் மட்டும்தான் நுகர்வோர்னு தீர்ப்பே இருக்கு. எங்க வக்கீல் அப்ப பிச்சு உதறியிருக்கார், படிச்சுப் பாருங்க."

முதல் பக்கத்தில் வாரியத்தின் வக்கீல் என்ற இடத்தில் இயக்குநரின் பெயரே இருந்தது. பெருமையாவது வந்திருக்கலாம், வெட்கமாவது வந்திருக்கலாம். இரண்டும் வரவில்லை. காகிதத்தைக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்திருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா புருவத்தைத் தூக்கினாள்.

"அத்தான் கையெழுத்து வேணுமாம்."

"நாளைக்கு... நானே நேர்ல போய்... வாங்கிக்கறேன்னு சொல்லுடா." சிரித்து, இருமி, கண்ணை மூடிக்கொண்டாள். அவர் இயந்திரத்தின் பச்சை விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம். தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் ஏணி சாய்த்துக்கொண்டிருந்தான். இயக்குநரின் மகனைவிடச் சின்ன வயது. இயக்குநர் மனு இருந்த கோப்பைத் திறந்தார், மூடினார், அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அண்ணே."

அவன் திரும்பவில்லை.

"அண்ணே, மூணாவது மாடியில எங்க அக்காவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடுது. அந்த ஒரு லைனை மட்டும் அடுத்த தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல மாத்திப் போட்டுருங்கண்ணே."

"பேப்பர் இருக்கா?"

"இல்லண்ணே."

லைன்மேன் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். கையுறையை மாட்டினான்.

"ஏணியை ஆடாம பிடிங்க."

இயக்குநர் கோப்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.