பதினான்காம் பக்கத்துப் படகுத்துறை

நெதர்லோட் ஊரின் வரலாற்றை எழுதியவள் வெர்னா டக்கெட். இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றங்கரையில் நாற்பது வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை. இவ்வளவுதான் ஊர். இதற்கு எழுபது பக்கம் எழுதத் துணிச்சல் வேண்டும், அது வெர்னாவிடம் தாராளமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான்கு பதிப்பு. தேவாலய மணியை எந்த வருடம் வார்த்தார்கள் என்று பாதிரியாருக்கே சந்தேகம் வந்தாலும் அவளைத்தான் கேட்பார்.

அந்தப் புத்தகம் இப்போது ஊருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

ஊரார் பெரிய வீடு என்று சொல்லும் பழைய மாளிகையைப் புதிதாக வாங்கிய ஹாலிவெல் என்ற லண்டன்காரர், படகுத்துறை தன்னுடையது என்று குறுக்கே வேலி போட்டார். ஊர் எதிர்த்தது. விசாரிக்க ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். மதியம் இரண்டு மணிக்கு ஊர் மண்டபத்தில் விசாரணை. துறையைப் பிடுங்க வந்த வக்கீலிடமும் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டுத்தான் தேநீர் கொடுத்தார்கள். அந்த ஊர் அப்படி.

வக்கீல் தேநீரைக் குடித்து முடித்து, வெர்னாவின் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து வாசித்தார்: “படகுத்துறை பெரிய வீட்டுக்கே உரியது. அவர்கள் தயவில்தான் ஊரார் காலங்காலமாக ஏறி இறங்கினார்கள்.” வாசித்துவிட்டு, எழுதியவரே இங்கு இருக்கிறார் என்று அவள் பக்கம் தலை வணங்கினார்.

அந்த வரி எப்படி வந்தது என்று வெர்னாவுக்கு நன்றாகவே தெரியும். அப்போது பெரிய வீட்டில் இருந்த சீமாட்டி கேக் கொடுத்து, பேச்சுவாக்கில் சொன்னது அது. பத்திரமும் இல்லை, வரைபடமும் இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டால் புத்தகம் பிழைக்கும், துறை போய்விடும். திறந்தால் துறைக்கு ஒரு வழி பிறக்கலாம், அவள் பேர் சந்தி சிரிக்கும். வாயை மூடிக்கொண்டிருந்து அவளுக்குப் பழக்கமும் கிடையாது. எழுந்தாள்.

“அது தப்பு. ஆதாரம் ஒண்ணும் இல்ல. கேக்க நல்லா இருந்துச்சு, எழுதிட்டேன்.”

அப்படியென்றால் மொத்தப் புத்தகத்தையும் நம்பக் கூடாதா என்று வக்கீல் மடக்கினார். அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள் என்றாள்.

துறையைப் பற்றி வேறு யாருக்காவது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். படகு பழுதுபார்க்கும் டென்னிஸ் மாண்டர் மெதுவாகக் கையைத் தூக்கினான். துறைக்குப் பலகை மாற்றுவது அன்றும் இன்றும் ஊரார்தான், பெரிய வீட்டிலிருந்து ஓர் ஆணிகூட வந்ததில்லை என்றான். அவனைப் பார்த்து இன்னும் ஏழு பேர் கை தூக்கினார்கள். தபால் நிலையம் நடத்தும் புரூடென்ஸ் ஒருபடி மேலே போனாள். சீமாட்டியின் கணவரே தன் படகைத் துறையில் கட்டிக்கொள்ள ஊர்ச் சபையிடம் அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தை, அவள் தன் வீட்டுக் கழிவறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தாளாம். சைக்கிளில் போய் எடுத்து வந்தாள். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். துறை ஊருடையது, வேலியை எடுக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள், வெர்னாவைத் தவிர. எட்டுப் பேருக்குத் தெரியும் என்றால் ஊருக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்? தெரிந்திருந்தும் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் புத்தகத்தை வாங்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் டென்னிஸை மடக்கினாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“தெரிஞ்சும் ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ அவ்வளவு ஆசையா எழுதியிருந்த, வெர்னா. மனசு கஷ்டப்படுமேன்னுதான் யாரும் வாயத் திறக்கல.”

வக்கீலின் கேள்வியைவிட இந்தக் கரிசனம் அதிகமாகச் சுட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. காலையில் எழுந்தபோது வெட்கம் போயிருந்தது, கோபம் மட்டும் மிச்சமிருந்தது. புத்தகமும் பென்சிலுமாக டென்னிஸின் கொட்டகைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் உட்கார்ந்தாள்.

“அஞ்சாவது பதிப்பு போடப் போறேன். தப்பு எங்கெங்க இருக்குன்னு மரியாதை பாக்காம சொல்லு.”

டென்னிஸ் தார் பிரஷைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கிப் பார்த்தான்.

“அட்டையிலேருந்தே ஆரம்பிக்கலாமா?” என்றான்.