கோணல் ஐங்கோணம்

முதலாளியின் மருமகன் தருண்குமார் கம்ப்யூட்டரில் போட்ட ஐங்கோணம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஐந்து பக்கமும் ஒரே அளவு. அட்டை ஷீட்டில் அடுக்கினால்தான் வினை. எப்படி வைத்தாலும் நடுவே சந்து. வடக்கத்திப் பார்ட்டி ஒருவர் ஐந்து மூலைப் பட்டாசு டப்பா கேட்டிருந்தார். திருத்தங்கலில் எங்கள் பிரஸ்ஸில் இருந்த அட்டை கொஞ்சம்தான். தீபாவளி சீசனில் மில்லுக்காரன் ஒரு ஷீட்கூடத் தரமாட்டான். சந்தில் அட்டை வீணானால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

என் வாய் சும்மா இருக்குமா?

"பக்கமெல்லாம் ஒரே அளவா இருக்கணும்னு யாரு சொன்னா? கோணலா வெட்டுனா சந்தே விழாது அண்ணாச்சி" என்றேன்.

முதலாளி தங்கச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா பொன்னுத்தங்கம், சரியா வரலைன்னா லேஅவுட் நாற்காலிய எம் மருமகனுக்குக் குடுத்துட்டு, டப்பா ஒட்டப் போயிருவியா?"

"போறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பத்து வருஷம் பசையில் ஊறிய பிறகு கிடைத்த நாற்காலி அது.

அச்சடிக்காத காலண்டர் அட்டைத் துண்டுகளைக் கோணல்மாணலாக வெட்டி, திருப்பிப் புரட்டி மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு வடிவம் ஊசி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. அந்த வடிவத்துக்கே அட்டை வெட்டும் டை செய்து, ஷீட் முழுக்கப் பொறி பறக்கும் டிசைன் அச்சடித்து வெட்டினோம். துளிச் சந்து இல்லை.

தருண்குமார் இரண்டு துண்டுகளை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, பாதி அட்டை கண்ணாடியில பாத்த மாதிரி இடவலம் மாறியிருக்கே! மூடியா எப்படி ஒட்டுவீக?"

அடப்பாவி மகளே! காலண்டர் அட்டை இரு பக்கமும் வெறும் வெள்ளை. பாதித் துண்டுகளைப் புரட்டிப் போட்டல்லவா பொருத்தியிருக்கிறேன்! அச்சடித்த அட்டையைப் புரட்டினால் படம் டப்பாவுக்கு உள்ளே போய்விடும். முதலாளி டப்பா ஒட்டும் பக்கத்தைக் கைகாட்டினார்.

வந்த ஆத்திரத்தில் நேரான துண்டு ஒன்றையும் மாறின துண்டு ஒன்றையும் முதுகோடு முதுகாக மேசையில் வைத்து அறைந்தேன். ஐந்து மூலையும் அச்சு அசலாகப் பொருந்தின.

"அண்ணாச்சி, டப்பாக்கு மூடி மட்டும் போதுமா? அடி அட்டை வேணாமா? அதுலயும் படம் வெளியதான தெரியணும்? அப்ப அது இப்படி மாறித்தான வரணும்?"

முதலாளி இரண்டையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்தார். மேலே பொறி, கீழே பொறி. "மூடிக்கு ஒண்ணு, அடிக்கு ஒண்ணு. பாதிக்குப் பாதி! எல்லாம் மொதல்லயே யோசிச்சுத்தான் செஞ்சியா?"

"பின்ன?" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சத்தியமாக ஒரு மண்ணும் யோசிக்கவில்லை.