அநாமதேயத்தின் கையெழுத்து

நார்பர்ட் ஹைட்காம்புக்கு பேஸ்பால் ஆட்டம் பிடிக்காது. மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து, பக்கத்து ஆள் சிந்தும் பீரைக் காலணியில் வாங்கிக்கொண்டு, எவனோ எச்சில் துப்புவதை வேடிக்கை பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பார். ஆனால் அந்த எச்சில்துப்பிகளின் படம் போட்ட அட்டைகள் மேல் அவருக்கு உயிர். ஒஹாயோவில் லைமா நகரத்து வீட்டின் நிலவறை முழுக்க அட்டைகள்தான். ஈரத்தை உறிஞ்ச ஓர் இயந்திரம் அங்கே ஓயாமல் ஓடியது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார். அவர் மனைவி சார்லீன் பாட்டிலில் போட்டு வைத்த பீச் பழங்கள், ஆவி பட்டு அட்டை கெட்டுவிடும் என்ற குற்றச்சாட்டின் பேரில் கார் கொட்டகைக்குத் துரத்தப்பட்டு, ஜனவரிக் குளிரில் உறைந்து வெடித்தன. ஆட்டக்காரன் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்று கேட்டால் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார். நாலு மூலையும் கூர் மழுங்காமல் இருக்கின்றனவா என்பதைப் பார்க்காமலே சொல்வார்.

காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு விசாரணை உத்தியோகம். கூரை பறந்துவிட்டது, அடித்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அழுகிறவர்களிடம் போய், "எப்பலேருந்து? யாரு பாத்தா? போட்டோ இருக்கா?" என்று கேட்க வேண்டும். பல வருஷம் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்விகள் நாக்கில் தழும்பாகிவிட்டன. வீட்டில் அந்தக் கேள்விகளால் அதிகம் அடிபட்டவன் சார்லீனின் தம்பி டுவேன் டாக்கெட்.

டுவேன் ஒரு வேனை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தரைவிரிப்பு கழுவுகிறவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருஷா வருஷம் வருவான். பூசணிக்காய் பை என்ற இனிப்புப் பண்டத்தில் இரண்டாவது துண்டு உள்ளே போனதும் தவறாமல் அந்தக் கதையை எடுப்பான். பத்தொன்பது வயதில் ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய அணியின் பயிற்சி முகாமில் துண்டு துவைக்கிற வேலையில் இருந்தானாம். ஒரு நாள் காலை அட்டைக் கம்பெனியின் படக்காரர் வந்தாராம். ஓர் ஆட்டக்காரன் முந்தின ராத்திரிக் குடியில் எழுந்திருக்கவே இல்லையாம். மற்றவர்கள் குறும்புக்கு அவனுடைய சட்டையையும் தொப்பியையும் டுவேனுக்கு மாட்டி, கையில் மட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டார்களாம்.

"போட்டோ எங்க?" என்பார் நார்பர்ட்.

"யாருகிட்ட இருக்கோ, நான் என்னத்தக் கண்டேன்."

"அந்த ஆட்டக்காரன் பேரு?"

"யார்பர்னு ஏதோ வரும். யார்பெர்ரியா?"

"போன வருஷம் யார்ட்லின்னு சொன்னே."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழும். டுவேனும் சேர்ந்து சிரித்துவிட்டு க்ரீமைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிறவன் பொய்யன் என்பது நார்பர்ட்டின் தொழில் அனுபவம்.

இத்தனைக்கும், அட்டைக்காரர்கள் மத்தியில் அப்படி ஓர் அட்டை பிரசித்தம். க்ளிஃப் யார்பரோ என்று பெயர் போட்டு, படத்தில் வேறு யாரோ நிற்கும் அட்டை. தவறு தெரிந்ததும் கம்பெனி அச்சை நிறுத்திவிட்டது, அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டன. படத்தில் இருப்பவன் யார் என்று எவருக்கும் தெரியாது. அதனால் அதற்கு 'அநாமதேயம்' என்றே பெயர். தவறில்லாமல் அச்சடித்த அட்டையைச் சீண்டாத இந்தக் கூட்டம், தவறான அட்டைக்கு நாக்கைத் தொங்கப் போடும்.

நார்பர்ட் அந்த மர்மத்தைத் தீர்த்துவிட்டார். அட்டைச் சங்கத்தின் இதழில் நீளமான கட்டுரை எழுதினார். அநாமதேயத்தின் காது மடலைப் புத்தகத்தில் வந்த படத்திலிருந்து அளந்து, அவன் அதே அணியின் மாற்று ஆட்டக்காரன் ஒருவன்தான் என்று நிறுவினார். அந்த ஆள் செத்துப் போயிருந்தது வசதியாகப் போயிற்று. படத்தில் இடது சுண்டுவிரல் குட்டையாகத் தெரிவது அச்சு மையின் கோளாறு என்று அடிக்குறிப்பும் போட்டார். சங்கத்தார் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கட்டுரை எழுதியவரிடம் அட்டை இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? சார்லீனுக்கு வாக்குக் கொடுத்திருந்த அலாஸ்கா கப்பல் பயணம் ஓர் ஆண்டு தள்ளிப் போயிற்று, பிறகு பேச்சிலிருந்தே போயிற்று. கடைசியில் ஓர் இலையுதிர்காலத்தில் அநாமதேயம் வந்து சேர்ந்தது. தரம் பார்க்கும் கம்பெனி பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, எவன் கையும் படாதபடி முத்திரையிட்டுக் கொடுத்திருந்தது.

அந்தத் தேங்க்ஸ்கிவிங் அன்று நார்பர்ட் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதை மேஜைக்குக் கொண்டு வந்தார். வான்கோழித் தட்டைத் தள்ளி வைக்கச் சொன்னார். விளக்கைத் திருப்பினார்.

"யாரும் தொடக் கூடாது. மூச்சு விடறதையும் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க."

டுவேன் வான்கோழிக் காலைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அட, இது நான்தானே!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நார்பர்ட் சிரிக்கவில்லை. "டுவேன், விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு."

"விளையாட்டு இல்ல மச்சான். பாருங்க, சட்டைப் பொத்தானை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கேன். மட்டையைத் தப்பாப் பிடிச்சிருக்கேன், எந்தக் கை மேல வரும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இதோ, இதையும் பாருங்க." வான்கோழிக் காலைத் தட்டில் வைத்துவிட்டு இடது கையை விளக்குக்கு நேராக நீட்டினான். பள்ளிக்கூட நாளில் ட்ராக்டர் பட்டையில் மாட்டி, சுண்டுவிரலின் மேல்கணு போய்விட்டிருந்தது. அந்தக் கையை நார்பர்ட் முப்பது வருஷமாகக் குலுக்கி வந்திருக்கிறார்.

பூதக்கண்ணாடி வந்தது. அட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். அச்சு மையின் கோளாறு அவர் முன்னால் உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அவன் சொல்றது நிஜம்தான்," என்றாள் சார்லீன், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே. "அன்னைக்கு அவனைப் பாக்க நானும் அங்கதான் போயிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க அவன்கிட்ட போட்டோ கேட்டீங்க. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே, நார்ப்."

அன்று முதல் நார்பர்ட் சரியாகச் சாப்பிடவில்லை. செத்துப்போன மாற்று ஆட்டக்காரனின் காது கனவில் வந்தது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. தப்பான கட்டுரையை உலகம் மறந்துவிடும். அநாமதேயமே கையெழுத்திட்ட அட்டை உலகத்தில் ஒன்றுகூட இல்லையே! சங்கத் தலைவர் இர்வின் லூபாஷுக்குப் போன் போட்டார். "முப்பது வருஷமா ரகசியமா விசாரிச்சுக்கிட்டு இருந்தேன் இர்வின். ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். அந்த ஆள் தன் மைத்துனன் என்பதையும், தன் மேஜையிலேயே வருஷா வருஷம் பூசணிக்காய் பை தின்றான் என்பதையும் சொல்லாமல் விட்டார்.

படைவீரர் மன்றக் கூடத்தில் சனிக்கிழமை அட்டைச் சந்தை. டுவேனுக்கு மேடையில் நாற்காலி போட்டு, பின்னால் அவன் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். வரிசை வாசல் தாண்டி நின்றது. பந்து, மட்டை, தொப்பி என்று ஆளுக்கு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேரன் எடுத்த கனவான்கள் கால் மாற்றி நின்றார்கள். முதல் ஆள் லூபாஷ். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உங்க வீட்டுல போன மாசம்தான் நாய் மூத்திரம் கழுவினேன்," என்றான் டுவேன் பிரியமாக. "கறை மறுபடியும் வந்துச்சா?"

"அதெல்லாம் இருக்கட்டும் சார். இந்தப் பந்துல தெளிவா ஒண்ணு போடுங்க சார்."

போன மாதம் அவர் டுவேனைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னவர்.

நார்பர்ட் நேராக மேடைக்குப் போகப் பார்த்தார். லூபாஷ் தடுத்துவிட்டார். "வரிசைன்னா வரிசைதான் நார்ப். தள்ளிவிட்டா மூலை மழுங்கிடும்." நார்பர்ட் போய்க் கடைசியில் நின்றார். வாழ்நாளில் முதன்முறையாக மைத்துனனைப் பார்க்க வரிசையில் நின்றார்.

கையெழுத்துப் போட வேண்டுமானால் கூட்டை உடைக்க வேண்டும். உடைத்தால் அந்த ஒன்பது மதிப்பெண் போய்விடும். திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார், ஆனாலும் நின்ற நேரம் முழுக்க அவருக்கு வேர்த்தது. முறை வந்ததும் மேஜை ஓரத்தில் கூட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெம்பினார். பிளாஸ்டிக் விரிந்தபோது கூடத்தில் நாலைந்து பேர் "ஐயோ" என்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

டுவேன் பேனாவை எடுத்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, அட்டையின் குறுக்கே அழகாக எழுதினான்: க்ளிஃப் யார்பரோ.

நார்பர்ட் மேஜை மேல் குனிந்தார். "என்னடா எழுதியிருக்கே?"

"பேருதான்."

"அது உன் பேரா?"

"இல்ல. ஆனா அட்டையில அந்தப் பேருதானே அச்சடிச்சிருக்கு. என் பேரைப் போட்டா தப்பாயிடுமேன்னு பாத்தேன் மச்சான். ரெண்டு பேரு இருந்தா பாக்கறவங்க குழம்பிடுவாங்களே." அவன் முகத்தில் கள்ளம் இருந்ததா இல்லையா என்பதை, பொய்யர்களைப் பிடித்தே பிழைத்த நார்பர்ட்டாலும் சொல்ல முடியவில்லை.

அட்டையைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துச் சரிபார்க்கும் நிபுணரின் மேஜைக்கு ஓடினார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"இது யார்பரோவோட கையெழுத்து இல்லை."

"தெரியும்யா! போட்டது இந்தப் படத்துல இருக்கிறவரு."

"படத்துல இருக்கிறவர் பேரு யார்பரோவா?"

"இல்ல."

"அப்ப போலி."

"ஆனா அசல் ஆளு போட்டது!"

"அசல் ஆளு போட்ட போலி," என்றார் நிபுணர், மிகுந்த நிதானத்துடன். "அப்படி ஒரு முத்திரை எங்ககிட்ட இல்லீங்க."

கூடத்தில் வாக்குவாதம் மூண்டது. போலி என்று ஒரு கட்சி, போலிக்கும் மேலான அசல் என்று ஒரு கட்சி. லூபாஷ் இரண்டையும் ஆராய ஒரு குழு போட்டார். அதற்குள் டுவேன், தனக்கு இலவசமாகக் கிடைத்த ஹாட் டாக் ரொட்டியில் கடுகுச் சாந்து போதவில்லை என்று சமையல்கட்டுப் பக்கம் போயிருந்தான்.

திரும்பும் வழியில் நார்பர்ட் காரை ஓட்டினார், பக்கத்தில் டுவேன். அட்டை அவர் மடியில், கூடு இல்லாமல், வெறும் காகிதமாகக் கிடந்தது. சோளக் காடுகள் அறுவடை முடிந்து மொட்டையாக ஓடின. டுவேன்தான் ஆரம்பித்தான்.

"அன்னைக்குக் காலையில ரொம்ப நல்லா இருந்துச்சு மச்சான். புல்லுக்கு அப்பத்தான் தண்ணி விட்டிருந்தாங்க. ஈர மண்ணு வாசனை. அந்தப் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் என்னைச் சுத்தி நின்னு, 'நெஞ்சை நிமித்துடா, நீதான்டா இனிமே எங்க ஆளு'ன்னு சத்தம் போடறாங்க. படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் நான் அதை நிஜம்னே நம்பிட்டேன். அப்புறம் துண்டு துவைக்கப் போயிட்டேன்."

நார்பர்ட் அவனைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவனை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. அவர் கண்ணில் ஈரம்போல ஒன்று தெரிந்தது. டுவேனுக்கே கூச்சமாகிவிட்டது.

"டுவேன்," என்றார் கரகரத்த குரலில்.

"சொல்லுங்க மச்சான்."

"அந்தச் சட்டை இப்ப எங்க?"

டுவேன் பெருமூச்சு விட்டான். "அப்பவே கழட்டிக் குடுத்துட்டேன். தொப்பியை மட்டும் யாரும் கேக்கல. மீன் பிடிக்கப் போனா அதைத்தான் போட்டுக்குவேன்."

கார் சாலையோரச் சரளையில் கிறீச்சிட்டு நின்றது. நார்பர்ட் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, வண்டியை டுவேன் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"துவைச்சியா? உண்மையச் சொல்லு டுவேன், அதைத் துவைச்சியா?"